மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்து வாங்கிய மினிவேன்

வீட்டில் நாங்கள் ஆறு பேர்: நான், மனைவி, 72 வயதான அம்மா, பத்து வயது மகள், ஏழு வயது மகன், 14 மாதக் கைக்குழந்தை. 11 ஆண்டுகள் உழைத்த பழைய வேனுக்கு இனியும் பழுது பார்த்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்று முடிவானபோது, புதிய மினிவேன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸ்ஸி, கியா கார்னிவல், கிரைஸ்லர் பசிஃபிகா ஆகிய நான்கு வண்டிகளை ஐந்து வாரங்களில், ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு முறையாவது, பார்த்தோம். அவற்றில் முதல் வாரம் முழுவதும் வீணானது. காரணம், மற்ற எந்தக் காரையும் பார்ப்பதுபோல ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து, திரையைத் தொட்டுப் பார்த்து நான் மனத்துக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு பேரில் ஐந்து பேர் ஒருநாளும் உட்காரப்போகாத இருக்கை அது. இரண்டாம் வாரத்திலிருந்து முறையை மாற்றி, ஒவ்வொரு வண்டியிலும் முதலில் மூன்றாம் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். அதன்பிறகு தேர்வு தானாகத் தெளியத் தொடங்கியது.

மூன்று வரிசை இருக்கை கொண்ட எஸ்யூவியை ஏன் வாங்கக்கூடாது என்று உறவினர்கள் பலரும் கேட்டார்கள். பார்வைக்கு எஸ்யூவி கம்பீரமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான எஸ்யூவிகளில் மூன்றாம் வரிசையின் தரை உயர்ந்தும் இருக்கை தாழ்ந்தும் இருப்பதால், பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மார்பை நோக்கி எழும்புகிறது. தொடைக்குக் கீழே ஆதாரமே இல்லாமல் போகிறது. பின் அச்சுக்கும் அதோடு சேர்ந்த பாகங்களுக்கும் இடம்விட்டுத் தரையை அமைப்பதால் வரும் விளைவு இது. மினிவேன் பிறந்ததே இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகத்தான் என்று சொல்லலாம். 1983-ஆம் ஆண்டு இறுதியில் கிரைஸ்லர் நிறுவனம் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற இரண்டு வண்டிகளை உருவாக்கியபோது, எஞ்சின் முன் சக்கரங்களை இயக்கும் அமைப்பைக் கையாண்டதால் பின்பக்கத் தரையைத் தட்டையாகவும் தாழ்வாகவும் வைக்க முடிந்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் ரெனோ எஸ்பாஸ் வந்தது. 40 ஆண்டுகளுக்குப் பிறகும் மினிவேனின் முதல் பலம் அந்தத் தாழ்ந்த தரைதான். முழங்கால் வலியுள்ள ஒரு முதியவரையும் தூக்கத்திலிருக்கும் ஒரு குழந்தையையும் தினமும் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மூன்றாம் வரிசைச் சோதனையை எப்படிச் செய்தோம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஷோரூமில் யாரும் இதைச் செய்யச் சொல்வதில்லை. என் உயரம் 175 சென்டிமீட்டர். முதலில் முன் இருக்கையை நான் ஓட்டும் நிலைக்கு நகர்த்திவைத்து, அதன் பின்னால் இரண்டாம் வரிசையை ஒரு பெரியவர் வசதியாக உட்காரும் அளவுக்கு நகர்த்தி, அதற்கும் பின்னால் மீதமிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். விற்பனையாளர்கள் இரண்டாம் வரிசையை முழுக்க முன்னால் தள்ளிவைத்துவிட்டுத்தான் மூன்றாம் வரிசையைக் காட்டுவார்கள். அந்த நிலையில் எந்த வண்டியும் விசாலமாகத்தான் தெரியும். உட்கார்ந்த பிறகு கதவுகளையெல்லாம் மூடச் சொல்லி, ஏசியைப் போட்டு, முழுதாகப் பதினைந்து நிமிடம் அங்கேயே இருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில்தான் தலைசாய்ப்பு கழுத்தில் இடிக்கிறதா என்று தெரிகிறது. பத்தாவது நிமிடத்தில் ஏசிக் காற்று முகத்துக்கு வருகிறதா, காதுக்கு மட்டும் வருகிறதா என்று தெரிகிறது. ஜன்னல் தோளுக்கு மேலே தொடங்கும் வண்டியில் சிறு குழந்தைகளுக்கு வெளியே எதுவும் தெரியாது. பயணத்தில் வாந்தி எடுக்கும் பழக்கமுள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

என் மகளும் மகனும்தான் அந்த வரிசையின் நிரந்தரக் குடிமக்கள் என்பதால், இரண்டாவது முறை போனபோது அவர்களையும் அழைத்துச் சென்றோம். மகனுக்கு உயரம் போதாததால் பூஸ்டர் இருக்கை தேவைப்படுகிறது. வீட்டிலிருந்த அதே பூஸ்டரைக் கையோடு எடுத்துப்போனோம். ஒரு வண்டியில் அதை வைத்து அவனை உட்காரவைத்தபோது, சீட் பெல்ட்டின் நாக்கு கையில் இருந்தது, ஆனால் அதைச் செருகவேண்டிய பக்கிள் இருக்கை மெத்தைக்குள் புதைந்து, பூஸ்டரின் ஓரத்துக்கு அடியில் போய்விட்டது. அவன் இடது கையால் பூஸ்டரைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, வலது கையால் பக்கிளைத் துழாவி, மூன்று முறை முயன்று, நான்காவது முறை முகம் சிவந்து, "நீங்களே மாட்டிவிடுங்கப்பா" என்றான். பள்ளி வாசலில் பின்னால் பத்து வண்டிகள் நிற்கும் நேரத்தில் நான் இறங்கி, சுற்றிவந்து, மூன்றாம் வரிசைக்குள் குனிந்து தினமும் பெல்ட் மாட்டிவிட வேண்டியிருக்கும் என்பது அந்த நொடியில் புரிந்தது. விற்பனையேட்டில் இடம்பெறாத இந்த ஒரு விவரத்துக்காகவே அந்த வண்டியின் குறிப்பிட்ட இருக்கை அமைப்பை எங்கள் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

அடுத்தது அம்மா. அவருக்கு வலது முழங்காலில் தேய்மானம். எந்தக் காரில் ஏறுவதென்றாலும் இடது காலை முதலில் வைத்து, எதையாவது பற்றிக்கொண்டு, உடலைத் திருப்பி உட்காருவார். ஆகவே அவருக்கு மூன்று அளவுகள் முக்கியம்: தரையிலிருந்து வாசற்படி எவ்வளவு உயரம், கைப்பிடி எங்கே இருக்கிறது, இருக்கை மெத்தை இடுப்பு உயரத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது. நான் அளவு நாடாவை எடுத்துப்போயிருந்தேன். நாங்கள் பார்த்த வண்டிகளுக்கிடையே வாசற்படி உயரத்தில் வேறுபாடு சில சென்டிமீட்டர்தான். ஆனால் அம்மா ஏறிய விதத்தில் அந்தச் சில சென்டிமீட்டர் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றில் தயக்கமில்லாமல் ஏறி உட்கார்ந்தார். இன்னொன்றில் கைப்பிடி தூணின் மேல்பகுதியில் இருந்ததால், அண்ணாந்து எட்டிப்பிடித்தபடி ஒரு கணம் அப்படியே நின்றார். "இந்தப் பிடியைக் கொஞ்சம் கீழே வைத்திருந்தால் என்னப்பா?" என்று கேட்டார். வண்டியை வடிவமைத்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்று எனக்குத் தோன்றியது. முதியவர்கள் உள்ள வீட்டார், அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வண்டி பார்க்கப் போகவே கூடாது.

மினிவேன் என்றாலே நினைவுக்கு வரும் ஸ்லைடிங் கதவைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. தொடக்ககால கிரைஸ்லர் வேன்களில் ஒரு பக்கம் மட்டுமே ஸ்லைடிங் கதவு இருந்தது. ஓட்டுநர் பக்கத்திலும் அதைக் கொடுத்தது 1996-ஆம் ஆண்டு மாடலில்தான். 1994-இல் ஜப்பானில் வெளியான முதல் ஒடிஸ்ஸியிலோ நான்கும் சாதாரணக் கதவுகளே. அந்த வண்டியின் பெருமை தரைக்குள் மடிந்து மறையும் மூன்றாம் வரிசை. இன்று நாங்கள் பார்த்த நான்கிலும் இரு பக்கமும் ஸ்லைடிங் கதவுதான், மோட்டாரில் இயங்கும் வசதியும் கிடைக்கிறது. நெருக்கமான வண்டி நிறுத்துமிடத்தில் சாதாரணக் கதவைப் பாதிதான் திறக்க முடியும். அந்தப் பாதி இடைவெளியில் குழந்தை இருக்கையோடு மல்லுக்கட்டியவர்கள் ஸ்லைடிங் கதவை வசதி என்று சொல்லமாட்டார்கள், தேவை என்றே சொல்வார்கள். குழந்தைகள் கதவை வீசித் திறந்து பக்கத்து வண்டியில் இடிப்பார்களோ என்ற கவலையும் இல்லை.

ஆனால் மோட்டார் கதவு பழுதானால் என்ன ஆகும் என்பதை எங்கள் பழைய வேன் கற்றுக்கொடுத்தது. ஒரு மழை நாள் மாலை, அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அழைத்துக்கொண்டு புறப்படும்போது, இடதுபுறக் கதவு பாதி வழியில் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகியது; கதவு நகரவில்லை. கையால் தள்ளினாலும் நகரவில்லை, ஏனென்றால் கதவை இழுக்கும் எஃகுக் கம்பி வடம் தன் உருளையிலிருந்து விலகிப் பிரிபிரியாகச் சிக்கிக்கொண்டிருந்தது. மழைச்சாரல் நேராக இருக்கையின்மேல் அடிக்க, அம்மாவை முன் இருக்கைக்கு மாற்றி, பிள்ளைகளோடு மனைவியை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, நான் இரண்டு மணி நேரம் காத்திருந்து இழுவை வண்டி வரவழைத்தேன். கீழ்த் தண்டவாளத்தில் மணலும் பிஸ்கட் தூளும் சேர்ந்து கல்லாகிப்போயிருந்ததைக் கழற்றிக் காட்டிய மெக்கானிக், வடத்தை மட்டும் தனியாக மாற்ற முடியாது, மோட்டாரோடு சேர்ந்த முழுத் தொகுதியையும்தான் மாற்ற வேண்டும் என்றார்.

அதனால் இந்த முறை ஒவ்வொரு வண்டியிலும் கதவை நான்கு விதமாகப் பார்த்தேன். மோட்டாரை அணைத்துவிட்டு மனைவியும் மகளும் கையால் திறந்து மூட முடிகிறதா; சரிவான இடத்தில் முன்பக்கம் கீழே சாய்ந்து நிற்கும்போது திறந்த கதவு தானாக நழுவாமல் தன் இடத்தில் நிற்கிறதா; மூடும் வழியில் தடை இருந்தால் உடனே திரும்பிப் போகிறதா; எரிபொருள் மூடி திறந்திருக்கும்போது அந்தப் பக்கக் கதவு எப்படி நடந்துகொள்கிறது. மூன்றாவது சோதனைக்குக் காலி அட்டைப்பெட்டியையோ சுருட்டிய துண்டையோ வைத்துப் பார்க்க வேண்டும், கையை வைத்துப் பார்க்கக்கூடாது. வடத்தைத் தனியாக மாற்ற முடியுமா என்ற கேள்வியை விற்பனைப் பிரிவில் கேட்டுப் பயனில்லை. பக்கத்திலேயே இருக்கும் சர்வீஸ் பிரிவில் கேட்டால் நேரான பதில் கிடைக்கிறது.

குழந்தை இருக்கை விஷயத்தில் ஒரே ஒரு அறிவுரை: உங்களுடையதையே எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். குழந்தை இருக்கையை வண்டியோடு பிணைக்கும் அமைப்புக்கு ஐசோஃபிக்ஸ், லாட்ச் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறினாலும், இருக்கை மெத்தையும் முதுகும் சேரும் இடுக்கில் இருக்கும் இரண்டு கம்பி வளையங்களும், மேல் பட்டையை மாட்டும் ஒரு கொக்கியும்தான் அடிப்படை. எட்டு இருக்கை வண்டியில் எட்டு இடங்களிலும் இவை இருக்காது. எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பதைக் கையேட்டைத் திறந்து படத்தோடு பார்க்க வேண்டும். குழந்தையும் இருக்கையும் சேர்ந்த எடைக்கு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் வளையத்தை விட்டு சீட் பெல்ட்டால் கட்ட வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. எங்களுக்கு இதில் கிடைத்த முக்கியப் பாடம் வேறு. குழந்தை இருக்கையைக் கட்டிய பிறகு அந்த இருக்கையைச் சாய்த்து மூன்றாம் வரிசைக்குப் போக முடியாத வண்டிகளே அதிகம். இரண்டாம் வரிசையில் இரண்டு தனி இருக்கைகள் இருந்தால் நடுவில் கிடைக்கும் வழியாகப் பெரிய பிள்ளைகள் பின்னால் போய்விடலாம். மூன்று பேர் உட்காரும் அமைப்பென்றால், குழந்தை இருக்கை இல்லாத பக்கத்திலிருப்பவர் ஒவ்வொரு முறையும் இறங்கி வழிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மாவாகத்தான் இருந்திருப்பார். எட்டு இருக்கை மேலா, ஏழு இருக்கை மேலா என்ற விவாதம் எங்களுக்கு அங்கேயே முடிந்தது.

டிக்கியைப் பற்றிப் பேசும்போது, மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும் நிலையில் மீதமிருக்கும் இடத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். நல்ல மினிவேனில் அந்த இடத்தில் ஒரு ஆழமான பள்ளம் இருக்கும். மூன்றாம் வரிசையை மடித்தால் அது போய் ஒளிந்துகொள்ளும் பள்ளம் அது. இருக்கை நிமிர்ந்திருக்கும்போது அதில் பெட்டிகளை நிறுத்திவைக்கலாம். கார்னிவலில் இந்த இடம் சுமார் 1,140 லிட்டர். சியன்னாவில் சுமார் 950 லிட்டர். எண்களில் பெரிதாகத் தெரியும் இந்த வேறுபாடு எங்கள் தள்ளுவண்டியையும் இரண்டு பெரிய பெட்டிகளையும் வைத்துப் பார்த்தபோது ஒரு சிறு பை அளவுக்குத்தான் உணரப்பட்டது. ஆறு பேரும் நீண்ட பயணம் போகும் குடும்பத்துக்கு அந்தச் சிறு பையும் முக்கியமாக இருக்கலாம்.

இடம் இருக்கிறது என்பதற்காக எடையை மறந்துவிடக்கூடாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் பெரும்பாலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும்; ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதிலோ கையேட்டிலோ இருக்கும். ஒருவருக்கு 75 கிலோ என்று வைத்தால் எட்டுப் பெரியவர்களே 600 கிலோ. ஆளுக்கொரு 15 கிலோ பை சேர்த்தால் 720 கிலோ. பல மினிவேன்களின் வரம்பு இதற்குக் கீழேதான் நிற்கிறது. அதற்குமேல் கூரையில் ஒரு பெட்டியும் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அதிக எடை ஏறினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடுகிறது, டயர் சூடாகிறது, வளைவில் வண்டி சாய்கிறது. எட்டு இருக்கை இருப்பது எட்டுப் பேரும் அவர்கள் மூட்டை முடிச்சுகளும் போகலாம் என்ற உறுதிமொழி ஆகாது.

இனி நான்கு வண்டிகளுக்கும் வருகிறேன். சுமார் 5.15 முதல் 5.2 மீட்டர் வரை நீளமும், கண்ணாடிகளைச் சேர்க்காமலே ஏறத்தாழ 2 மீட்டர் அகலமும் கொண்டவை இவை. வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்தை அளந்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள். ஒடிஸ்ஸியின் சிறப்பு இரண்டாம் வரிசை: நடு இருக்கையைக் கழற்றிவிட்டால் மற்ற இரண்டும் பக்கவாட்டில் நகரும், ஆகவே அன்றைய தேவைக்கேற்ப வழியை நடுவிலோ ஓரத்திலோ அமைத்துக்கொள்ளலாம். மூன்றாம் வரிசையில் நான் மிக வசதியாக உட்கார்ந்ததும் இதில்தான். 3.5 லிட்டர் வி6 எஞ்சின், 280 குதிரைத்திறன், பத்து கியர்கள் கொண்ட ஆட்டோமேட்டிக், ஓட்டுவதற்கு இனிமையானது. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் வகை இல்லை என்பது மட்டுமே நாங்கள் அதை விட்டதற்குக் காரணம்.

பசிஃபிகாவின் இரண்டாம் வரிசை இருக்கைகள் தரைக்குள் மடிந்து மறைந்துவிடுகின்றன. 2005 மாடலிலேயே அந்த நிறுவனம் தன் வேன்களில் கொண்டுவந்த அமைப்பு இது. அடிக்கடி மரச்சாமான், சைக்கிள், பெரிய பெட்டிகள் ஏற்றுகிறவர்களுக்கு இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை; கனமான இருக்கையைத் தூக்கிக் கழற்றி வீட்டுக்குள் எங்கே வைப்பது என்று தவித்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். நாங்கள் பார்த்தபோது, வெளியிலிருந்து மின்னேற்றம் செய்யும் ஹைப்ரிட் வகையும் இதில் இருந்தது. 16 கிலோவாட் மணி பேட்டரியில் சுமார் 51 கிலோமீட்டர் வரை பெட்ரோல் இல்லாமலே ஓடக்கூடியது அது. பள்ளி, அலுவலகம், கடை என்ற அன்றாட ஓட்டம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும் குடும்பங்கள் நிறைய. ஆனால் அந்தப் பேட்டரி அமர்ந்திருப்பது இரண்டாம் வரிசை மடியவேண்டிய பள்ளத்தில் என்பதால், ஹைப்ரிட்டை எடுத்தால் அந்த மடிப்பு வசதி போய்விடும். இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கார்னிவல் பார்வைக்கு எஸ்யூவியை நெருங்கி நிற்கிறது. மினிவேன் என்றால் முகம் சுளிப்பவர்களைச் சமாதானப்படுத்த இதுவே நல்ல வழி. அதன் உயர்ந்த வகையில் சாய்ந்து கால் நீட்டிக்கொள்ளும் இரண்டாம் வரிசை இருக்கைகள் கிடைக்கின்றன, என் அம்மா அதில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அவை கழற்ற முடியாதவை. மற்ற வகைகளில் உள்ள சாதாரண இருக்கைகளையோ கழற்றலாம். 1.6 லிட்டர் டர்போ எஞ்சினோடு ஹைப்ரிட் வகையும் வந்திருக்கிறது. எங்கள் இறுதித் தேர்வில் இரண்டாவது இடம் இதற்கே.

முதலிடம் சியன்னாவுக்குச் சென்றது. 2021 மாடலிலிருந்து இது ஹைப்ரிட்டாக மட்டுமே வருகிறது: 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினும் மின்மோட்டார்களும் சேர்ந்து 245 குதிரைத்திறன். ஏழு இருக்கை வகையில் இரண்டாம் வரிசைத் தனி இருக்கைகள் நீண்ட தண்டவாளத்தில் வெகுதூரம் முன்னும் பின்னும் நகர்கின்றன. குழந்தையின் இருக்கையை முன்னால் கொண்டுவந்துவிட்டால் முன்னிருக்கையிலிருந்தே மனைவியால் கை நீட்டித் தட்டிக்கொடுக்க முடிகிறது. ஆனால் அந்த இருக்கைகளுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருப்பதால், உரிமையாளர் அவற்றைக் கழற்றும்படி வடிவமைக்கப்படவில்லை. வீடு மாறும்போது கட்டில் ஏற்ற இந்த வண்டியை நம்ப முடியாது. எங்களுக்கு ஆட்களை ஏற்றுவதே முதல் வேலை என்பதால் இந்த இழப்பை அறிந்தே ஏற்றுக்கொண்டோம்.

எரிபொருள் கணக்கு முடிவை உறுதிப்படுத்தியது. அமெரிக்க அரசின் சோதனை மதிப்பீட்டை நமக்குப் பழக்கமான அலகுக்கு மாற்றினால், நகரமும் நெடுஞ்சாலையும் சேர்ந்து சியன்னா லிட்டருக்குச் சுமார் 15.3 கிலோமீட்டர், கார்னிவல் ஹைப்ரிட் சுமார் 14, ஒடிஸ்ஸி சுமார் 9.4 கொடுக்கின்றன. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் சியன்னாவுக்கு ஏறத்தாழ 980 லிட்டர், ஒடிஸ்ஸிக்கு ஏறத்தாழ 1,600 லிட்டர். ஆண்டுக்கு 600 லிட்டருக்கு மேல் மிச்சம் என்பது பத்தாண்டு வைத்திருக்கப்போகும் வண்டியில் அலட்சியப்படுத்தக்கூடிய தொகை அல்ல. நின்று நின்று நகரும் நெரிசலில் ஹைப்ரிட்டின் ஆதாயம் இன்னும் கூடும், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓடுகிறவர்களுக்கு இந்த இடைவெளி சற்றுக் குறையும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் சியன்னா போன்ற ஹைப்ரிட் வண்டிகளில் எஞ்சின் ஒலி ஏறி அதே சுருதியில் நிற்பது இயல்பு. கியர் மாறும் ஓசைக்குப் பழகிய காதுக்கு முதல் வாரம் புதிதாக இருக்கும்.

பாதுகாப்பு பற்றி ஒரு செய்தி என்னை உண்மையாகவே கலங்கவைத்தது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு, வண்டியின் முன்பகுதியில் 40 சதவீதம் தடுப்பில் மோதுமாறு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் செய்யும் சோதனையில், ஓட்டுநருக்குப் பின்னால் சிறிய உடல்வாகுள்ள பெண் அல்லது 12 வயதுச் சிறுவர் அளவிலான பொம்மையையும் 2022 முதல் உட்காரவைக்கிறது. 2023-இல் இதே நான்கு மினிவேன்களையும் சோதித்தபோது ஒன்றுகூட நல்ல மதிப்பீடு பெறவில்லை. பின்னால் உட்காருகிறவர்களுக்காகவே விற்கப்படும் வண்டிகளில், முன்னிருக்கைக்குக் கிடைத்த பெல்ட் தொழில்நுட்பம் பின்னிருக்கைக்கு உரிய அளவில் வரவில்லை என்பது ஏற்றுக்கொள்ளக்கூடியது அல்ல. அதற்காகச் சிறுவர்களை முன்னால் உட்காரவைக்கக்கூடாது. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பின்னிருக்கையே பாதுகாப்பானது என்பதையும் அந்த அமைப்பே சொல்கிறது. நீங்கள் வாங்கப்போகும் ஆண்டின் மாடலுக்கு உரிய மதிப்பீட்டைத் தேடிப் பாருங்கள், ஏனென்றால் பெல்ட்டுகளும் ஏர்பேக்குகளும் மாடலுக்கு மாடல் மாறுகின்றன.

திரையின் அளவு, ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை, உள்விளக்கின் நிறம் ஆகியவற்றில் நான் நேரம் செலவிடவில்லை. நான்கும் போதுமானவை. ஸ்டெப்னி மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டியது: இப்போது பல வண்டிகளில் அதற்குப் பதிலாகப் பஞ்சரை அடைக்கும் திரவமும் ஒரு சிறு காற்றுப்பம்பும்தான் வருகின்றன. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவத்தால் பயனில்லை. ஆறு பேரோடு இரவில் வழியில் நிற்க விரும்பாதவர்கள் பதிவு செய்யும்போதே ஸ்டெப்னி கிடைக்குமா, கிடைத்தால் எங்கே பொருத்துவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

வண்டி வந்து மூன்று மாதம் ஆகிறது. 4,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறோம். நிரப்பிய பெட்ரோலை வைத்து நானே கணக்கிட்டதில் லிட்டருக்கு 14.6 கிலோமீட்டர் வருகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கதவுகளின் கீழ்த் தண்டவாளத்தையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். அந்த வேலையை மகள் இப்போது தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அம்மா இரண்டாம் வரிசையில் வலதுபுறம், கைக்குழந்தை இடதுபுறம், மற்ற இருவரும் நடுவழியாகப் பின்னால். காலையில் எல்லோரும் ஏறிய பிறகு நான் திரும்பிப் பார்ப்பதில்லை. மகன் தன் பூஸ்டரில் உட்கார்ந்து தானே பெல்ட்டை மாட்டும் ஓசை மூன்றாம் வரிசையிலிருந்து முன்னால் வரை கேட்கிறது, அதன்பிறகே வண்டியை எடுக்கிறேன்.